கட்டிலுக்கு யார் ஏஜெண்டு?

செய்யூர்ப் பக்கம் எங்கள் ஊராட்சியில் ஆராயி ஒன்றாம் வார்டு உறுப்பினர். வேர்க்கடலை பயிரிடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம்தான். பஸ் நிற்காமல் போனால் அடுத்த நிறுத்தம் வரைக்கும் கேட்கிற மாதிரி திட்டுவாள். நாங்கள் பாதிப் பேர் அந்த வாயை நம்பித்தான் அவளுக்கு ஓட்டுப் போட்டோம்.

போன வருஷம் துணைத் தலைவர் பதவி காலியானது. அதற்கு ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட முடியாது, வார்டு உறுப்பினர்கள்தான் போட வேண்டும். தண்ணி லாரி ஜெகதீசன் தன் மச்சினன் செல்வராஜை நிறுத்தினான். எங்கள் ஊர்த் தண்ணீரை உறிஞ்சி மாமல்லபுரம் ரிசார்ட்டுகளுக்கு ஓட்டுகிற புண்ணியவான் அவன். எதிரே நின்ற சகுந்தலா, ஜெயித்தால் லாரிகளை நிறுத்தத் தீர்மானம் கொண்டுவருவேன் என்றாள். ஆராயியின் கிணற்றில் சேறுதான் மிச்சம். ஆனால் அவள் மகன் சுப்பிரமணி பிழைப்பதே ஜெகதீசனின் லாரி ஓட்டித்தான்.

அந்த வாரம் டிவியில் வேறு மாநிலத்து ராஜ்யசபா தேர்தலைக் காட்டினார்கள். டெல்லி மேல்சபைக்கும் நாம் நேராக ஓட்டுப் போடுவதில்லை. நாம் அனுப்பிய எம்.எல்.ஏ.க்கள்தான் போடுகிறார்கள், அதுவும் சீட்டைத் தங்கள் கட்சி ஏஜெண்டிடம் காட்டிவிட்டு. டீக்கடையில் இதைப் பார்த்ததும் ஜெகதீசனுக்கு மூளை வேலை செய்துவிட்டது.

தேர்தலன்று ஊராட்சி அலுவலக ஜன்னலில் வந்து நின்றுகொண்டான்.

"எல்லாரும் சீட்ட என்கிட்ட காட்டிட்டுப் போடுங்க. எம்.எல்.ஏ.வே காட்டறான், உங்களுக்கு இன்னா கொறச்சல்? ஆராயிக்கா, உம் புள்ள என் வண்டியிலதான் கீறான். ஞாபகம் வெச்சிக்கினு போடு."

ஆராயி இடுப்பில் கைவைத்துத் திரும்பினாள்.

"அவங்க கட்சில நின்னு ஜெயிச்சவங்க, கட்சிக்காரன்கிட்ட காட்டறாங்க. நான் நின்னது கட்டில் சின்னம். கட்டிலுக்கு யார்ரா ஏஜெண்டு? நீயா?"

வாசலில் நின்ற எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தேர்தல் அதிகாரிக்கும் தைரியம் வந்துவிட்டது. "அங்கேயும் சுயேச்சை யாருக்காவது காட்டினா ஓட்டு செல்லாதுங்க. இங்க எல்லாருமே ரகசிய ஓட்டுதான். ஜன்னலை விட்டு நகருங்க" என்றார்.

முதல் ஆளாக ஆராயி சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டாள். பின்னால் வந்தவர்களும் மடித்தே போட்டார்கள். சகுந்தலா ஜெயித்தாள்.

ஜெகதீசன் நேராக, வாசலில் எங்களோடு நின்ற சுப்பிரமணியிடம் வந்தான். "லாரி சாவியக் குடுத்துட்டு வூட்டுக்குக் கெளம்பு" என்றான், அத்தனை பேர் முன்னாலும். பையன் முகம் செத்துப்போயிற்று.

ஆராயி மகன் கையிலிருந்த சாவியை வாங்கினாள். எங்கள் எல்லோருக்கும் தெரியும்படி தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

"இந்தா ஜெகதீசா. இத மட்டும் எல்லாருக்கும் காட்டியே குடுக்கறேன்."