அசுரனை வெட்டிய கத்தி

அம்மாவிடம் இரண்டு கத்திகள் இருந்தன. இரண்டையும் யாருக்கும் இரவல் கொடுக்கமாட்டார். பழைய லொறி ஒன்றின் ஸ்பிரிங் தகட்டைக் கொல்லனிடம் கொடுத்து, தன் உள்ளங்கையை ஈர்க்கால் அளக்கவைத்துச் செய்வித்தவை. ஒன்று மரக்கறிக்கு, மற்றது மீனுக்கு. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்தான். ஆனால் மரக்கறிக் கத்தி குசினிச் சுவரில் தொங்கும்; மீன்கத்தி குசினிப் பக்கமே வரக்கூடாது, வீட்டின் பின்னால், கோடிப்புறத்துக் கூரை இறப்பில்தான் அதற்கு இடம். வெள்ளி, செவ்வாய் தவிர மற்ற நாளெல்லாம் மீன் தின்னும் சைவம் எங்களுடையது.

விசயதசமியன்று எங்களூர் அம்மன் கோயிலில் வாழைவெட்டு நடக்கும். வீதியில் நட்ட வாழைதான் அசுரன். அதை ஒரே வெட்டில் சாய்க்கவேண்டும். முந்திய வருடம் வெட்டியவர் கொத்திக் கொத்தித் தள்ளியதில் அவருக்குக் ‘கொத்துரொட்டி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. இந்த முறை எங்கள் குடும்பத்தின் தவணை. வெட்டப்போகிறவர் அம்மாவின் தம்பி, ஊதினால் பறந்துவிடுகிற என் சின்ன மாமா. நவராத்திரி முழுக்க அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. “என்ரை தம்பியை ஊர் சிரிக்கப்படாது தாயே” என்பதுதான் அவர் பாடிய தேவாரம்.

கரண்ட் இல்லாத காலம். பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில் மாமா கோயில் வாளை ஓங்கினார். பிடி கையில் நின்றது. அலகு கழன்று பின்னால் போய் விழுந்தது. நல்லகாலம், ஒருவர் மேலும் படவில்லை. சனம் விழுந்து விழுந்து சிரித்தது. கொத்துரொட்டிதான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

அம்மா என் தோளைப் பிடித்து உலுப்பினார். “ஓடடி! குசினிக் கத்தியைக் கொண்டு ஓடி வா!”

கோயிலுக்குப் பின்வளவுதான் எங்கள் வீடு. பறந்தேன். மழை தொடங்கியிருந்ததால், கறள் பிடிக்கும் என்று அப்பா அன்று மத்தியானம்தான் மீன்கத்தியைக் கொண்டுவந்து குசினி வாசற்கட்டில் வைத்திருந்தார். அதை அவர் அம்மாவுக்கும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. இருட்டில் கையில் தட்டுப்பட்ட கத்தியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

மாமா வாங்கிக்கொண்டார். அக்காவின் கைக்கு அளந்த பிடி தம்பியின் கைக்கும் அளவாக இருந்தது. அப்போதுதான் அம்மா கத்தியின் அலகில் காய்ந்து ஒட்டியிருந்த ஒற்றை மீன்செதிலைக் கண்டார். “ஐயோ தம்பி, பொறு!” என்று அவர் போட்ட சத்தம் மேளத்துக்குள் அமுங்கிப்போனது.

ஒரே வெட்டு! அசுரன் சரிந்தான்.

அரோகரா வானைப் பிளந்தது. மாமாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வீதி சுற்றினார்கள். கொத்துரொட்டியும் ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். அப்படியொரு புளுகம், தலைகால் தெரியாத சந்தோசம், எனக்குப் பிறகு வந்ததே இல்லை. ஐயர் கத்திக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். “இனி இது அம்மாளாச்சியின்ரை கத்தி. மூலஸ்தானத்திலையே இருக்கட்டும்” என்றார். இரவல்கூடக் கொடுக்காத அம்மா, முகம் வெளிறிப்போய், “ஓம் ஐயா, ஓம்” என்று தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தால், மரக்கறிக் கத்தி சுவரில் தொங்குகிறது!

“அம்மா! அம்மாளாச்சி கத்தியைத் திருப்பித் தந்திட்டா!” என்று துள்ளினேன்.

அப்பா வாயைத் திறக்கப்போனார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். “ஓம் பிள்ளை, தந்திட்டாதான். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.”

அடுத்தநாளே பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டேன். எங்கள் குசினிச் சுவரைக் கும்பிட்டுப்போகச் சனம் வந்தது. அந்த வயதில் எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை: அவ்வளவு அருள் பெற்ற வீட்டில், அதற்குப் பிறகு கனகாலம், மீன்காரரே வாசல் படலையடியில் குந்தியிருந்து மீனை வெட்டித் தந்துவிட்டுப் போனது ஏன் என்று.