மேசை மண்டபத்துக்குள்ளேதான்

கண்டியில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் மேடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கும். கால் உடைந்த கதிரைகள், பழைய மணவறைத் தூண்கள், அரிசி மூட்டைகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும். ஒரு பக்கச் சுவருக்கு அப்பால் மண்டபம். மறுபக்கச் சுவருக்கு அப்பால் சமையல்கட்டு. என் வீட்டுக்காரர் இறந்துபோன பிறகு பல வருடங்கள் அந்த அறைகளில் இருந்துதான் நான் பாட்டுப் போட்டேன். என் பாட்டு மண்டபத்தில் கேட்கலாம், என் முகம் தெரியக் கூடாது. அப்படித்தான் கூப்பிட்டார்கள். அப்படித்தான் நானும் போனேன்.

தொழில் அவருடையது. லவுட்ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுப்பார். கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கோயில் திருவிழா என்றால் மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவது அவர், ரெக்கோட் தட்டில் ஊசி வைப்பது நான். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ரெக்கோட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் எழுத்தை நான் கூட்டி வாசிப்பதற்குள் பாட்டே முடிந்துவிடும். அதனால் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பேன். மேளம் கட்டி அடிக்கிற இடத்தில் கோடுகள் வெளுத்திருக்கும். ஒற்றைக் குரல் பாடுகிற இடத்தில் கறுத்து மினுங்கும். எங்கே ஊசி வைத்தால் என்ன வரும் என்று நான் சொன்னால் அது தப்பாது. படித்தவர்கள் என் கையில் தட்டைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சோதித்தவர்கள்தான் வாயை மூடிக்கொண்டு போனார்கள்.

அவர் இரண்டு தட்டுகள் சுற்றும் பெட்டி வைத்திருந்தார். ஒன்று முடியும் முன்னே மற்றது தொடங்கிவிட வேண்டும். "சத்தம் நின்னா சனம் எந்திரிச்சுப் போயிரும்" என்பார். இப்போது டீஜே என்று சொல்கிறார்களே, அந்த வேலையின் பாதியை நான் அன்றே படித்துவிட்டேன்.

மற்றப் பாதியை அந்தப் பின்னறைதான் தந்தது. அவர் இல்லாமல் நான் போன முதல் கல்யாணத்திலேயே மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் வந்து, "பெட்டியை உள்ளுக்கு வச்சுக்கிட்டா நல்லதுங்க" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. பொட்டழித்தவள் தாலி கட்டும் இடத்தில் நிற்பதில்லை என்பது எனக்கும் தெரிந்ததுதானே. தலையைக் குனிந்துகொண்டு பெட்டியைத் தூக்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

உள்ளே உட்கார்ந்தால் நான் போடும் பாட்டே எனக்கு முழுதாக வராது. சுவர் வழியாக அடித்தாளம் மட்டும் நெஞ்சில் இடிப்பதுபோல வரும். பாடுகிறவர் குரல் வராது. சமையல்கட்டிலிருந்து அண்டா விளிம்பில் அகப்பை தட்டுகிற சத்தம், கஞ்சி வடிக்கிற சத்தம், அப்பளம் பொரிகிற சத்தம் எல்லாம் பக்கத்தில் துல்லியமாகக் கேட்கும். அந்த இடியும் இந்தத் தட்டலும் சில நேரம் ஒன்றாக வந்து பொருந்தும். பொருந்தினால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இதையே ஒரு பாட்டாகச் செய்தால் என்ன என்று அப்போதே தோன்றியது. எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை.

வெளிநாட்டுக்காரர் வராமல் போன காலத்தில், குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஹோட்டல் தன் சாமான்களை விற்றது. இரண்டு சில்லும் நிறையப் பொத்தான்களும் உள்ள டீஜே மிஷின் ஒன்றை வாங்கினேன். ஒரு பழைய லெப்டொப்பும் சேர்ந்து வந்தது. பொத்தான்களில் எல்லாம் இங்கிலீஷ். கடைக்குப் போய் ஸ்டிக்கர் பொட்டு நாலு நிறத்தில் கேட்டேன். கடைக்காரர் என் வெறும் நெற்றியைப் பார்த்தார்.

"யாருக்கும்மா?"

"மிஷினுக்கு" என்றேன்.

தொடங்குவதற்குச் சிவப்பு, நிறுத்துவதற்குப் பச்சை என்று ஒட்டிக்கொண்டேன். லெப்டொப்பில் சத்தம் படமாக ஓடும். மேளம் வரும் இடம் தடித்திருக்கும், குரல் மெலிந்திருக்கும். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ரெக்கோட்டை நிமிர்த்தி வைத்தது போலத்தான் இருந்தது. வாசிக்க வேண்டியதை மட்டும் மருமகள் வாசித்துச் சொன்னாள். அவள் மாநகர சபையில் கிளார்க்.

சத்தம் பிடிக்கக் கட்டுகஸ்தோட்டையில் ஒரு மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் போனை எடுத்துக்கொண்டு போனேன். சமையல்காரருக்கு ஒரே வேடிக்கை.

"என்னம்மா, சாப்பாட்டுக்கு வந்தீங்களா, சட்டிக்கு வந்தீங்களா?"

"சட்டிக்குத்தான். அந்த விளிம்புல இன்னொருக்கா தட்டுங்க. கொஞ்சம் கோவமா."

முதலில் செய்தது உருப்படவில்லை. தாளத்தை வேகமாக வைத்துவிட்டேன், சத்தங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கூழாகிவிட்டன. அழித்தேன். இரண்டாவதையும் அழித்தேன். ஒரு மழைக்காலம் முழுக்க இதுதான் வேலை. மருமகளுக்கே சலித்துவிட்டது.

"மாமி, பாடுறவங்களே இல்லாம இது என்ன பாட்டு?"

"பாடுறவங்க முன்னுக்கு இருப்பாங்க. இது பின்னுக்குக் கேக்குற பாட்டு."

மூன்றாவதுதான் கூழாகாமல் நின்றது. பேராதனையில் மருமகளின் சிநேகிதி ஒருத்தியின் பிரியாவிடை விருந்தில் அதைப் போட்டேன். அங்கே வந்திருந்த ஒரு பெண் நேராக என்னிடம் வந்து, தன் கல்யாண விருந்தில் தானும் மாப்பிள்ளையும் மண்டபத்துக்குள் வரும்போது இதுதான் வேண்டும் என்றாள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், மேசை மண்டபத்துக்குள் இருக்க வேண்டும் என்று. ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துத்தான் தாளத்தை ஏற்றவோ இறக்கவோ முடியும். பார்க்காமல் போடுவதென்றால் அதற்கு நான் எதற்கு? அவள் சரி என்றாள்.

கல்யாணத்தன்று தாலி காலையிலேயே கோயிலில் கட்டியாயிற்று. மத்தியானம் மண்டபத்தில் மேடைக்கு இடப்பக்கம் மேசை போட்டு, வயர் எல்லாம் கொடுத்து முடித்திருந்தேன். பெண்ணின் அத்தை வந்தார். அப்பாவின் தங்கை. சாம்பல் நிறச் சேலை, நெற்றியில் திருநீறு மட்டும்.

"அக்கா, மேசையை உள்ள ரூமுக்கு எடுக்கச் சொல்லியிருக்கேன். வயர் எட்டும்."

"வயர் எட்டும். கண்ணு எட்டாதே."

"பாட்டுக்கு எதுக்குக்கா கண்ணு?"

"ஆடுற காலைப் பாக்கணும். பொண்ணுகிட்டச் சொல்லித்தான் வந்தேன்."

அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார். "அந்தப் புள்ளையத் தாயில்லாமத் தூக்கி வளர்த்தவ நான். காலைல தாலி கட்டுறப்போ நானே தூணுக்குப் பின்னுக்குத்தான் நின்னேன். நானே நிக்காத எடத்துல நீங்க நிப்பீங்களா?"

 வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டை பிடித்திருப்பேன். அந்தத் தூணுக்குப் பின்னால் நின்றபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"நீங்க அங்க நின்னது எனக்கும் நல்லாயில்ல தங்கச்சி" என்றேன். "அதுக்காக நானும் போய் ஒளிஞ்சுக்கிட்டா நம்ம ரெண்டு பேருக்கும் என்ன கிடைக்கும்?"

அத்தை திரும்பி, மண்டபத்து ஆட்கள் இருவருக்குக் கண்ணைக் காட்டினார். அவர்கள் வந்து மேசையின் இரண்டு முனையைப் பிடித்தார்கள். நான் இரண்டு கையையும் மேசைமேல் ஊன்றினேன்.

"மேசை உள்ள போனா நான் வீட்டுக்குப் போறேன்."

சொல்லிவிட்டு முதல் வயரைக் கழற்றிச் சுற்றவும் தொடங்கினேன். மிரட்டலுக்குச் செய்யவில்லை. நல்ல நாளில் பாதியில் எழுந்து போனவளை அதற்குப் பிறகு கண்டியில் எவரும் கூப்பிடமாட்டார்கள் என்பது தெரிந்துதான் சுற்றினேன். இன்று உள்ளே போனால் சாகும்வரை உள்ளேதான். அதுவும் தெரியும்.

பெண்ணின் அப்பா வியர்த்து விறுவிறுக்க ஓடிவந்தார். "அம்மா, ஒரு மணித்தியாலந்தானே. கொஞ்சம் விட்டுக் குடுங்களேன்."

"இந்த ஒரு மணித்தியாலத்தத்தான் ஐயா இத்தன வருஷமா விட்டுக் குடுத்தேன்."

வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. அவர் வாசலைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார், என் கையிலிருந்த வயரைப் பார்த்தார். "மக ஆசப்பட்டுக் கேட்டது" என்று முணுமுணுத்துவிட்டு அந்த ஆட்களிடம், "விடுங்கப்பா, இருக்கட்டும்" என்றார்.

"நாளைக்கு ஒண்ணுன்னா என்னக் கேக்காதீங்க" என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு அத்தை நடந்துபோய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அந்தச் சொல் என்னை உறுத்தியது. அந்த வீட்டில் நாளைக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட என் பெயர் அடிபடும். அடிபடட்டும் என்று வயரைத் திரும்பவும் செருகினேன். 

கதவு திறந்தது. முதலில் அடித்தாளத்தை மட்டும் விட்டேன். பெண்ணும் மாப்பிள்ளையும் நாலடி வந்ததும் அண்டாச் சத்தத்தை மெல்லச் சேர்த்தேன். பெண் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். அவர்களுக்கு முன்னால் பின்னோக்கி நடந்துவந்த வீடியோக்காரர் என் மேசையில் இடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா. படத்துல விழுறீங்க."

"விழுந்துட்டுப் போறேன்" என்றேன். கையை எடுக்கவில்லை.

கடைசி வரிசையில் அத்தை கையைக் கட்டிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கும் அவரைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரு கதிரையைப் பிடித்துக்கொண்டு காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். சப்பாத்தைக் கழற்றுகிற ஆள் ஆடாமல் உட்காரமாட்டார். அவர் இரண்டாவது சப்பாத்தையும் கழற்றும்வரை பொறுத்திருந்து, தாளத்தை ஏற்றினேன்.