சோசிமோஸ் வேண்டாமென்ற குழி

தெசலோனிக்காவில் சாயக்காரன் சோசிமோஸைத் தெரியாதவர்கள் குறைவு. தொட்டியில் ஊறி ஊறி முழங்கை வரை ஊதாவாகிப்போன கை. பக்கத்தில் வந்தாலே நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் எங்கள் சபைக்கு அவனும் மனைவி அம்மியாவும்தான் முதலில் வந்து உட்காருவார்கள்.

அப்போஸ்தலரின் கடிதம் வந்த அன்று அதைச் சபையில் வாசித்தவன் நான். நானும் சாயக்காரன்தான், கொஞ்சம் எழுத்துத் தெரிந்தவன், அவ்வளவே. நாம் உயிரோடு இருக்கும்போதே ஆண்டவர் வந்துவிடுவார், அதிக நாள் இல்லை என்றது கடிதம். மறுநாளே சோசிமோஸ் சாயக்காரர் சங்கத்துக்குப் போய் இரண்டு பேர் பெயரையும் அடிக்கச் சொன்னான். சந்தா கட்டுகிறவர்களுக்கு ஊர்வாசலுக்கு வெளியே புதைகுழியும், தூக்க நாலு ஆளும் தரும் சங்கம் அது.

"ஏன்டா, நீ சாகவே மாட்டியா?" என்றான் தலைவன் ஆர்தெமோன்.

"நீங்க படுத்துக்குங்கண்ணே. நாங்க நின்னுக்கிட்டே போறோம்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினோரு குளிர்காலம் போனது. வேறொருவர் எழுதிய கடிதம் வந்தது. கடவுளின் நாள்கணக்கு வேறு, பொறுத்திருங்கள் என்றது. நான் அதை வாசித்து முடிக்கும்வரை அம்மியா இருமிக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் நாள் செத்துப்போனாள்.

சோசிமோஸ் சங்கத்தில் போய்க் கெஞ்சினான். ஆர்தெமோன் பழசை மறக்கவில்லை.

"நின்னுக்கிட்டே போறேன்னியே. நிக்க வச்சே கூட்டிட்டுப் போ."

மிச்சமிருந்தது அநாதைப் பிணங்களைத் தள்ளும் பள்ளம். நாய்கள் தோண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை.

"என் இடம் இருக்கு. அவளை அதுல வைப்போம்," என்றேன்.

"எங்க?"

"சங்கத்துல."

ஒரு மாதம்கூடச் சந்தா தவறவிட்டதில்லை நான். சோசிமோஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"அன்னிக்கு வாசிச்சது நீதானே?"

"நான்தான்."

"அப்பவும் நீ சந்தா கட்டிக்கிட்டேதான்..."

முடிக்கவில்லை. நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. இடத்தை வேண்டாமென்று சொல்லவும் அவனால் முடியவில்லை, பிணம் காத்திருக்காதே. அம்மியாவை அங்கேதான் வைத்தோம்.

அதன் பிறகும் அவன் கூட்டத்துக்கு வந்தான். முன்வரிசையில் அல்ல, வாசல் ஓரத்தில். மூன்றாம் வருடம் அவனும் போய்விட்டான். பள்ளத்தில்தான் இறக்கினோம். இடத்தைக் கொடுத்துவிட்ட எனக்கும் இனி அங்கேதான்.

அந்தப் பழைய கடிதத்தை இன்னும் நான்தான் வாசிக்கிறேன். ஆண்டவர் வர அதிக நாள் இல்லை என்ற இடம் வந்தால் இப்போது எனக்கு அந்தப் பள்ளம்தான் நினைவுக்கு வருகிறது. அப்படியே ஆகட்டும், சீக்கிரம் வரட்டும் என்று பயந்துபோய் வேண்டிக்கொள்கிறேன்.