ஆஃப்-ஆன் அண்ணனின் ஃபயர்வால்

எங்கள் கிடங்கு அலுவலகத்தில் நெட்வொர்க் வேலை பார்ப்பவருக்கு ‘ஆஃப்-ஆன் அண்ணன்’ என்று பெயர் வைத்தது நான்தான். எது நின்றாலும் அணைத்துப் போடுவார். ஓடும். உடனே, பிரசவம் பார்த்து முடித்த டாக்டர் மாதிரி ஒரு பெருமூச்சு விடுவார்.

அந்த மாதம் ஃபயர்வால் தினமும் மூச்சுமுட்டி நின்றது. அலுவலகத்துக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே இருக்கும் காவல் பெட்டி அது. யார் யாருக்கு இணைப்புக் கொடுத்தோம் என்று நினைவில் வைத்திருக்கும். நினைவகம் நிரம்பிவிட்டால் புதிதாக ஒருவரையும் விடாது. லோடு ரசீது அடிக்க முடியாமல் நான் கையைப் பிசைந்துகொண்டிருப்பேன். லாரி டிரைவர்கள் என்னைத்தான் திட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“பொட்டி சின்னதும்மா, மெமரி பத்தல” என்றார் அண்ணன்.

பெரிய பெட்டி வாங்கினார்கள். அதுவும் நிரம்பி நின்றது. மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டு, “இன்னொரு தடவ நின்னா நீங்க வீட்டுக்குப் போயிடலாம்” என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குத்தான் அண்ணன், உள்ளே என்ன நிரம்பிக் கிடக்கிறது என்று முதல்முறையாகப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எல்லாம் எப்போதோ கைவிட்ட இணைப்புகள். ஒன்றையும் பெட்டி மறக்கவில்லை.

“இதையெல்லாம் பிடிச்சு வெச்சுக்கன்னு யாருண்ணே சொன்னது?”

திருதிருவென்று விழித்தார். “நான்தான். சாப்பிட்டு வர்றதுக்குள்ள கனெக்‌ஷன் அறுந்துடுது, மறுபடி பாஸ்வேர்டு அடிக்க வேண்டியிருக்குன்னு மேனேஜர் சத்தம் போட்டாரு. சும்மா கெடந்தாலும் ஒரு வாரம் அறுக்காதபடி மாத்தி வெச்சேன்.”

மேனேஜருக்கு மட்டும் மாற்றியிருக்கலாம். அதற்குக் கையேட்டைப் புரட்ட வேண்டும். அண்ணனுக்கும் படிப்புக்கும் ஏழாம் பொருத்தம். அலுவலகம் முழுவதற்கும் மாற்றிவிட்டார்.

“பழையபடி வெச்சுட்டு, அவர்கிட்ட சொல்லிடுங்க.”

“மறுபடி பாஸ்வேர்டு அடிங்கன்னு அவர்கிட்ட எப்படிம்மா சொல்றது?”

வேலையே போனாலும் அதை மட்டும் சொல்ல மாட்டாராம். முதுகெலும்பில்லாத மனுஷன்.

பழையபடி வைத்தார்; சொல்லவில்லை. காலையிலும், சாப்பாட்டு இடைவேளை முடியும் முன்பும் மேனேஜரின் அறைக்குள் நுழைந்து, தானே பாஸ்வேர்டை அடித்துவிட்டு வருவார். அதை மாற்ற வேண்டிய நாள் வந்தபோது, மாற்றியதும் அவர்தான். ஃபயர்வால் நிற்கவே இல்லை. மேனேஜர் பாராட்டினார்.

பிறகு அண்ணன் காய்ச்சலில் படுத்தார். மேனேஜர் பழைய பாஸ்வேர்டையே அடித்து அடித்துப் பார்த்து, கணினி பூட்டிக்கொண்டதும் அவருக்குப் போன் போட்டார். உண்மை வெளியே வந்தது. வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

“இனிமே லீவு போடாதீங்க” என்றார் மேனேஜர். “நீங்க இல்லாம இங்க ஒண்ணும் ஓடாது.”

அண்ணன் அந்தக் காய்ச்சலோடு பஸ் பிடித்து வந்தார், முகமெல்லாம் பெருமையாக.