நனையாத சீட்டுகள்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் ஒற்றையடிப் பாதை. மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. என் கூடையைச் சுமந்துகொண்டு முன்னால் போன மலைக்காரர் ஒரு பலாமரத்தடியில் காத்திருக்கிறார். கூடையில் இருப்பவை அந்தமான் தீவுகளில் ஆறு மாதம் அலைந்து நான் பொறுக்கிய கற்கள். சிப்பியும் நத்தையும் என்றைக்கோ கல்லாகிப்போனவை. எந்தத் தீவு, எந்தப் பாறை என்று ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டியிருந்தேன். மலைமேல் முகாமிட்டு இந்தக் கற்களை ஆராயக் காத்திருக்கும் துரைக்குச் சீட்டுதான் முக்கியம்.

கற்களில் ஒரு சீட்டும் இல்லை.

"பயப்படாதீங்க சாமி" என்கிறார். இடுப்பில் செருகியிருந்த மூங்கில் குழாயை எடுத்துத் தட்டுகிறார். அவருடைய நிலவரி ரசீதுகளோடு என் சீட்டுகளும் வந்து விழுகின்றன.

"கல்லு நனைஞ்சா என்னாயிருமுங்க? காயிதம் நனைஞ்சாத்தான் போச்சுங்க."

எந்தச் சீட்டு எந்தக் கல்லில் இருந்தது என்று கேட்கிறேன்.

இரக்கத்தோடு பார்க்கிறார். "எழுதுனது நீங்கதானுங்களே? அதுலயே போட்டிருக்கும், படிச்சுப் பாருங்க."

படிக்கிறேன். எல்லாச் சீட்டும் 'இந்தக் கல்' என்றுதான் ஆரம்பிக்கிறது.