பிளக் என் கைக்கு வந்த பிறகுதான்

ஜவ்வாது மலையில் ஒரு விருந்தினர் மாளிகையைப் பராமரிப்பது என் கணவரின் வேலை. அங்குள்ள பெட்ரோல் புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுபவர் ஜீப் டிரைவர் மாணிக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன், மழை விட்ட மறுநாள், ஈரப்புல் அடைத்து இயந்திரம் பாதியில் நின்றது. மாணிக்கம் அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, வேடிக்கை பார்த்த என் மகளைக் கூப்பிட்டார்.

“பாப்பா, கைய வுட்டு அந்தப் புல்ல இழுத்துப் போடு. இஞ்சின் நின்னுட்ச்சி, ஒண்ணும் ஆவாது.”

அவள் விரல்களில் அப்போதுதான் மருதாணி வைத்திருந்தேன். அது கலைந்துவிடுமே என்று ஒரு புளியங்குச்சியால் பிளேடைத் தள்ளினாள். சூடாக இருந்த இஞ்சின் பட்டென்று ஓடியது. குச்சி இரண்டாகத் தெறித்தது. நான் அலறிக்கொண்டு ஓடினேன்.

அவர் சிரித்தார். “இன்னாம்மா இப்டி கத்துறீங்க? குச்சிதான போச்சு!”

அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. இரவில் இன்னமும் அவள் விரல்களைத் தொட்டுப் பார்க்கிறேன்.

பிளேடைத் திருப்பினால் நின்ற இஞ்சினும் ஓடிவிடும், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டால் ஓடாது என்று பிறகு ஒரு மெக்கானிக் சொன்னார். கணவரிடம் சண்டை போட்டு ஒரு விதி வைத்தேன். புல் அடைத்தால் மாணிக்கம் பிளக்கைக் கழற்றி, மேட்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு ஏறி வந்து என்னிடம் கொடுத்த பிறகே பிளேடைத் தொடவேண்டும். சுத்தம் செய்தபின் மறுபடி ஏறி வந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

நேற்று பிளக்கைத் திரும்ப வாங்க நான்காவது முறை ஏறி வந்தவர், மூச்சு வாங்க, “ஒரு குச்சிக்கு இவ்ளோ கோவமாம்மா?” என்றார்.

நான் மகளைக் கூப்பிட்டு, மருதாணிச் சிவப்பு இன்னும் முழுதாக மறையாத அந்த விரல்களாலேயே பிளக்கை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.