நட்சத்திரங்களுக்கு நிறம் மாற்றி அடித்தேன்

1. சனிக்கிழமை மதியம்

"அந்துவான், என்னா பண்ணி வச்சிருக்கீங்க?"

1959ஆம் வருடம், உப்பளம் என்ற பேட்டையில் நான் போர்டு எழுதும் கடை வைத்திருந்தேன். கேட்டவர் மதாம் செலின், பெண்கள் பள்ளி ஒன்றில் சயின்ஸ் டீச்சர். எட்டடிக்கு ஆறடி கேன்வாஸில், ஒரு வாரம் இடுப்பு ஒடிய நான் வரைந்து முடித்திருந்த நட்சத்திரப் படத்தைப் பார்த்துத்தான் அப்படிக் கேட்டார். பாராட்டு வரும் என்று மீசையைத் தடவிக்கொண்டு நின்றிருந்தேன்.

மதாம் படித்ததெல்லாம் பிரெஞ்சில். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகு பாடத்தைத் தமிழில் நடத்தச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்கூல் இன்ஸ்பெக்டர் அவர் வகுப்பில் வந்து உட்காருவார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்தப் படமே அந்த ஒரு பாடத்துக்காகத்தான்.

பென்சிலில் அவர் கொடுத்த மாதிரி தெளிவாகவே இருந்தது. மேலே போகப் போக வெளிச்சம் அதிகம். இடப்பக்கம் சூடு அதிகம், வலப்பக்கம் குறைவு. இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குப் புள்ளிகள் ஒரு பட்டையாக இறங்கும். பட்டையின் நடுவாக்கில் நம் சூரியன். வலது மேலே தனியாகச் சில பூதாகாரமான புள்ளிகள், இடது கீழே சில பொடிப் புள்ளிகள். கட்டம் போட்டுப் பெரிதாக்கினேன், ஒரு புள்ளி பிசகவில்லை. நிறத்தில்தான் கை வைத்தேன். சூடான பக்கம் நீலம், சூடு குறைந்த பக்கம் சிவப்பு என்று எழுதியிருந்தார். பாவம், அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டார் என்று நானே திருத்திவிட்டேன்.

அது என் தொழில் திமிர். அந்த வருடங்களில் ஊரில் பல கடைகள் பிரெஞ்சு போர்டைக் கழற்றிவிட்டுத் தமிழில் மாட்டிக்கொண்டிருந்தன. எழுதிக் கொடுக்கும் துண்டுத்தாளில் வரிக்கு ஒரு தப்பு இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் திருத்திவிடுவேன். பெரிய மார்க்கெட் வியாபாரிகளே "அந்துவான்கிட்ட குடுத்துட்டா கவலயில்ல" என்பார்கள். அந்தப் பேச்சு என் தலைக்கு ஏறியிருந்தது.

2. ஸ்டவ்

"சூடுன்னா செவப்புதானே மதாம்? நெருப்பு என்னா நீலமாவா இருக்குது?" என்றேன். விட்டுக்கொடுக்கிற ஆளா நான்?

அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை. மூலையில் நான் பெயிண்டுக்கு ஆளிவிதை எண்ணெய் காய்ச்சும் பிரைமஸ் ஸ்டவ்வைக் காட்டி, "அத பத்த வைங்க" என்றார். பற்ற வைத்தேன். மஞ்சளும் சிவப்புமாகப் புகைந்தது.

"இதுல எண்ணெய் காயுமா?"

"எங்க காயுறது? பாத்திரத்துல கரிதான் புடிக்கும்."

"பம்ப் அடிங்க."

அடித்தேன். உஸ்ஸென்று சீறிக்கொண்டு நீலமாக நின்றது. பதினைந்து வருடமாகத் தினமும் நான் பார்க்கிற நீலம் அது.

"நட்சத்திரம் எரியிற விதம் வேற. ஆனா செவப்புதான் பெரிய சூடுன்னு நெனைக்கிறத விட்டுடுங்க" என்றார் மதாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் இத பிரெஞ்சுல தூக்கத்துல கூட சொல்லுவேன், அந்துவான். தமிழ்ல வார்த்த நின்னு போவுது. படம் இருந்தா சமாளிச்சுடலாம்னு நெனச்சேன்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. உடனே துணியை டர்ப்பன்டைனில் நனைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பெயிண்ட் காயாததால் புள்ளிகள் துடைக்க வந்தன. துடைக்கத் துடைக்க, எந்தப் புள்ளி என்ன என்று கேட்டுக்கொண்டேன்.

"மேல இருக்கற நீலமெல்லாம் எடை அதிகம். சூரியன மாதிரி பத்து மடங்கு எடைன்னா, வெளிச்சம் ஆயிரக்கணக்கான மடங்கு."

"அப்ப தீனி நெறைய. ரொம்ப நாளு எரியும்."

"அதான் இல்ல. பம்ப் அடிச்சுக்கினே இருந்தா ஸ்டவ்வுல மண்ணெண்ணெய் எவ்ளோ நேரம் நிக்கும்? அந்த நட்சத்திரமும் சீக்கிரமே தீந்து வெடிச்சிடும்."

"நம்ம சூரியன்?"

"நடுத்தரம். இன்னும் ரொம்பக் காலம் எரியும். அப்பறம் ஊதிப் பெருத்து, செவந்து, அதோ வலது மேல இருக்கற பூதம் மாதிரி ஆவும். மேல் பகுதியெல்லாம் கழண்டு போனா, கீழ இருக்கற பொடி வெள்ளப் புள்ளியா சுருங்கிடும்." பிறகு உற்றுப் பார்த்தார். "சூரியன் ஏன் இவ்ளோ பெருசா இருக்கு?"

"நம்ம சூரியனாச்சேன்னு கொஞ்சம் தாராளமா போட்டேன்."

"அதயும் கொறைங்க" என்று சிரித்தார்.

மறுநாள் ஞாயிறு காலை சர்ச் பூசைக்குப் போகாமல் வரைந்தேன். "சாமிய விட நட்சத்திரம் ஒசத்தியா போச்சா?" என்று வீட்டில் அர்ச்சனை. வாங்கிக்கொண்டேன். பெயிண்ட் சீக்கிரம் காய டிரையரைத் தாராளமாகக் கலந்து, கேன்வாஸை வெயிலில் நிறுத்தினேன்.

3. சதுர அடி

திங்களன்று ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியில் படத்தைப் பள்ளிக்குக் கொண்டுபோனேன். அப்போதும் சில புள்ளிகள் பிசுபிசுத்தன. பெண்கள் யாராவது தொட்டுவிடப் போகிறார்களே என்று படத்தின் பக்கத்திலேயே காவலுக்கு நின்றேன்.

பாடம் நன்றாகவே போயிற்று. மதாம் படத்தைத் தொடாமல் குச்சியால் காட்டிக் காட்டி, நிதானமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். முடிகிற நேரத்தில் இன்ஸ்பெக்டர் எழுந்தார்.

"பட்டையில கீழ வர வர செவப்பு, அதனால மங்கல்னு சொன்னீங்க. சரி. மேல இருக்கற இந்தச் செவப்பு மட்டும் எப்படி இவ்வளவு வெளிச்சம்?"

மதாம் வாயைத் திறந்தார். "பார்ஸ்கெ..." என்று 'ஏனென்றால்' என்பதைப் பிரெஞ்சில் ஆரம்பித்து நிறுத்தினார். மறுபடி முயன்றார், வார்த்தை வரவில்லை.

"சதுர அடிங்கய்யா" என்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வகுப்பே திரும்பியது. இனி நிறுத்தி என்ன பயன்? "பெரிய செவுத்துல மங்கலான வர்ணம் அடிச்சாலும் தூரத்துலேந்து தெரியும். பொட்டு மாதிரி எடத்துல எவ்ளோ பளிச்சுன்னு அடிச்சாலும் தெரியாது. அந்தச் செவப்பு சதுர அடிக்குக் கம்மியாத்தான் வெளிச்சம் குடுக்குது. ஆனா ஒடம்பு அவ்ளோ பெருசுங்க."

"ஆமாம்" என்றார் மதாம். அதோடு மடை திறந்த மாதிரி வந்தது. "இந்தப் பொடி வெள்ளை நட்சத்திரம் அதற்கு நேர் எதிர். சூடு மிக அதிகம், ஆனால் பரப்பு சிறியது. அதனால்தான் கீழே இருக்கிறது." ஒரு பிரெஞ்சு வார்த்தை இல்லை.

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க யாரு?"

"போர்டு எழுதறவனுங்கய்யா."

"இதெல்லாம் யார் சொன்னது?"

"மதாம்தான். நிறத்த மாத்தி அடிச்சுட்டேன், அதுக்காக சனிக்கிழம பாடம் எடுத்தாங்க."

பெண்கள் சிரித்துவிட்டார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று எனக்கு வியர்த்தது. இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரே நாள்ல உங்களுக்கே புரிய வச்சிட்டாங்க. இந்தப் பொண்ணுங்களுக்கு ஒரு வருஷம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தாளில் எழுதினார். நிரந்தர ஆர்டர் அடுத்த மாதமே வந்தது.

பாடம் முடிந்த அன்று மதியம் படத்தைச் சுவரில் மாட்டும்போது மதாம் கேட்டார்: "எல்லா போர்டுலயும் கீழ ஒங்க பேரு இருக்குமே. இதுல எங்க?"

தப்புச் செய்த கூச்சத்தில் போடாமல் விட்டிருந்தேன். நாங்கள் பெயர் போடுவது வலது கீழ் மூலையில். அங்கே பட்டையின் கடைசிச் சிவப்புப் புள்ளிகள் இருந்தன, எல்லாவற்றிலும் எடை குறைந்த, மங்கலான நட்சத்திரங்கள்.

"அங்கியே போடுங்க. அதுங்கதான் சிக்கனமா எரிஞ்சு, எல்லாத்தையும் விட ரொம்பக் காலம் இருக்கும்" என்றார்.

இப்போது தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். எழுதிக் கொடுத்தது தப்பாகத் தெரிந்தால், பிரஷ்ஷைத் தொடுமுன் கேளுங்கள். தப்பு நம் தலைக்குள்ளேயும் இருக்கலாம். நான் அன்றிலிருந்து கேட்டுத்தான் எழுதினேன். அந்த மூலையில் பெயர் போட்ட ராசியோ என்னவோ, எனக்கு எண்பத்தேழு முடிந்துவிட்டது, கை இன்னும் நடுங்கவில்லை.